புயல் வராமல் போனால் முட்டுக்கம்பு வீணா?

கேள்வி:

ஐயா, நான் ஆரல்வாய்மொழியில் சானல் தண்ணீரை நம்பி 400 மூடு ஏத்தன் வாழையும், கொஞ்சம் கும்பப்பூ நெல்லும், வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தென்னையும் வைத்திருக்கிறேன். 2017-இல் ஒக்கிப் புயலில் என் வாழை மொத்தமும் ஒரே பகலில் சாய்ந்தது. அந்தப் பயம் மனதில் இருந்ததால், 2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கரை கடக்கும் என்று செய்தியில் சொன்னதும் ஓடி ஓடி வேலை செய்தேன். கம்பு, கயிறு, கூலி எல்லாமாக 12,000 ரூபாய் செலவழித்து எல்லா மூட்டுக்கும் முட்டுக் கொடுத்தேன். முழுதாக விளைந்தால் 400 ரூபாய்க்குப் போகும் குலைகளில் 60-ஐ முக்கால் விளைச்சலிலேயே வெட்டி 250 ரூபாய்க்குக் கொடுத்தேன். தென்னையில் காய் பறித்தேன். வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

கடைசியில் புயலும் வரவில்லை, பெரிய மழையும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர், “ஒரு ஓலைகூட அசையல்லியே, இனிமே இவங்க பேச்சைக் கேக்கப்பிடாது” என்றார். இப்போது என் மகனும் அதையே சொல்கிறான். அன்றைய கணிப்பு தப்பா? நான் செய்தது வீண் வேலையா? அடுத்த முறை எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய?

— ஒரு விவசாயி, ஆரல்வாய்மொழி

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தவற்றில் ஒன்றைத் தவிர எதுவும் வீணில்லை. அந்த ஒன்றும் தப்பான வேலையில்லை, ஒரு நாள் முந்திச் செய்த வேலை. ஏன் என்று விளக்குகிறேன். பொறுமையாகப் படித்து, உங்கள் மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்று என்ன நடந்தது?

புரெவி 2020 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அந்தத் தீவைக் குறுக்காகக் கடந்து 3-ஆம் தேதி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. 4-ஆம் தேதி விடிவதற்குள் தென்தமிழகக் கரையைக் கடக்கும் என்பது கணிப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். தென்மாவட்டங்களுக்கு 4-ஆம் தேதி பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. அடுத்த பக்கம் திருவனந்தபுரம் விமான நிலையத்தையே அன்று பகலில் மூடி வைத்தார்கள்.

ஆனால் வளைகுடாவுக்குள் வந்த புயல் பாம்பன், ராமநாதபுரம் அருகே ஏறக்குறைய நின்றே போனது. புயலுக்குத் தானாக நடக்கத் தெரியாது. மேலடுக்குக் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அன்று அந்தக் காற்று இரண்டு பக்கமும் இழுபறியாக இருந்ததால் புயல் நகர முடியவில்லை. இலங்கை நிலத்தில் உரசி வந்ததில் அதன் பலம் ஏற்கெனவே குறைந்திருந்தது. கீழடுக்குக் காற்றும் மேலடுக்குக் காற்றும் வேறுவேறு வேகத்தில் வீசியது அதன் உருவத்தைக் கலைத்தது. 3-ஆம் தேதி இரவுக்குள் அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தளர்ந்தது, பிறகு அங்கேயே கிடந்து அடங்கியது.

ஆரல்வாய்மொழியில் நின்று பார்த்தால் ‘புயல் வரவில்லை’. சிதம்பரத்தில் நின்று பார்த்தால் கதை வேறு. நின்றுபோன அந்த மண்டலம் வங்கக் கடலின் ஈரத்தை இழுத்து வடக்கே கொட்டியது. டிசம்பர் 4-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டர் மழை. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. டெல்டாவிலும் கடலூரிலும் நெல் வயல்கள் மூழ்கின. நம்மூரிலிருந்து பாம்பன் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தத் தூரம்தான் உங்கள் வாழையைக் காப்பாற்றியது.

இன்று நம் வானிலைத் துறை 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் புயல் பாதையில் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் விலகல் இருக்கும். 48 மணி நேரத்துக்கு முன் என்றால் 100 கிலோமீட்டருக்கு மேல், 72 மணி நேரத்துக்கு முன் என்றால் 150-ஐ ஒட்டி. அதனால்தான் ‘பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே’ என்று அகலமாகச் சொல்கிறார்கள். அந்த அகலத்தின் தென்கோடியில் நீங்கள் இருந்தீர்கள். காற்று உங்கள் தோட்டத்துக்கே வரும் என்று யாரும் சொல்லவில்லை, வரக்கூடும் என்றார்கள். அந்தக் ‘கூடும்’ என்ற சொல்லை நாம் காதில் வாங்குவதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள்

எச்சரிக்கை மிஞ்சிப் போன கதையை மட்டும் நினைவில் வைத்தால் மனம் ஏமாந்துவிடும். எச்சரிக்கை குறைந்து போன கதைகள் நமக்கு அதைவிட நெருக்கமானவை.

ஒக்கியை நீங்களே பார்த்தீர்கள். 2017 நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலிலேயே புயலாகிவிட்டது. கம்பு வெட்டவும் நேரமில்லை. கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி சேரவும் நேரமில்லை. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தோம். 2020-இல் எச்சரிக்கை சில நாட்கள் முன்பே வந்தது, படகுகளைக் கரைக்கு அழைத்தார்கள். புரெவி தளர்ந்ததில் அந்தப் படகுக்காரர்களுக்குச் சில நாள் பிழைப்பு போனது. அவர்கள் உயிர் போகவில்லை.

2021 நவம்பர் 12, 13 தேதிகளில் நம் மாவட்டமே வெள்ளக்காடானது. நாகர்கோவில், திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. அதற்குப் புயல் என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதுவும் புயல் இல்லை. வானிலைத் துறையின் கணக்கில் ‘அதிகனமழை’ என்பது 20 சென்டிமீட்டருக்கு மேல் என்பதோடு நின்றுவிடுகிறது. 95 பெய்யும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலாக மாறாது என்று ஒரு நாள் சொன்னார்கள், மறுநாள் அது புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, அந்த ஊர் பல ஆண்டுகளாகக் காணாத மழையைக் கொட்டியது.

கணிப்பு இரண்டு பக்கமும் விலகும். மிஞ்சிப் போனால் நமக்குக் கொஞ்சம் காசு போகும். குறைந்து போனால் போவது காசு மட்டுமாக இருக்காது.

எது வீண், எது வீணில்லை

உங்கள் வேலைகளை மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் குவியல், புயல் வராவிட்டாலும் பலன் தரும் வேலைகள். வாழைக்கு வடிகால் தோண்டுவது, நெல் வயலின் மடையைச் சீர்செய்வது, வீட்டின் மேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது, தகர ஷீட்டின் கொக்கியை முறுக்குவது, முற்றிய தேங்காயைப் பறிப்பது. தண்ணீர் பிடித்து வைப்பதும் இதில்தான் சேரும். ஒக்கிக்குப் பிறகு மின்கம்பங்கள் விழுந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல், கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாமல் தவித்தது நினைவிருக்கும். இவற்றுக்கு எச்சரிக்கையே தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டியவை.

இரண்டாவது குவியல், செலவுள்ள, ஆனால் திரும்பக் கிடைக்கும் வேலைகள். முட்டுக்கம்பு இதில் வரும். கழற்றி, காயவைத்து, நிழலில் அடுக்கினால் அடுத்த ஆடிக் காற்றுக்கு அதே கம்பு உதவும்.

மூன்றாவது குவியல், செய்தால் திரும்பாத வேலைகள். முக்கால் விளைச்சலில் குலை வெட்டுவது இந்த இனம். வெட்டிய குலையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே இதைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும்.

மூட்டுக்கு மூட்டு ஒரு கணக்கு

நீங்கள் எழுதிய விலைகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். காற்றில் விழுந்த குலைக்கு 50 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு குலை விழுந்தால் நட்டம் 350 ரூபாய்.

முட்டுக்கு நீங்கள் செலவழித்தது மூட்டுக்கு 30 ரூபாய். முட்டுக் கொடுத்தவற்றில் பாதிதான் நிற்கும் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், காற்று வந்தால் மூட்டுக்கு 175 ரூபாய் மிஞ்சும். 175-இல் 30 என்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதாவது ஆறு எச்சரிக்கையில் ஐந்து பொய்த்து ஒன்று பலித்தாலும் உங்கள் முதல் ஏறக்குறையத் தேறிவிடும். கம்பு அடுத்த வருடத்துக்கும் உதவும் என்பதைச் சேர்த்தால் ஏழாவது எச்சரிக்கைக்கும் முட்டுக் கொடுக்கலாம்.

குலை வெட்டும் கணக்கு வேறு. வெட்டினால் 150 ரூபாய் நட்டம் உறுதி. வெட்டாமல் விட்டுக் காற்று வந்தால் நட்டம் 350. முட்டே இல்லாத தோட்டத்தில், பலத்த காற்று வரும் வாய்ப்பு ஏழில் மூன்றைத் தாண்டினால்தான் வெட்டுவது லாபம். முட்டுக் கொடுத்து முடித்த தோட்டத்திலோ, பாதிக் குலை நிற்கும் என்பதால், வாய்ப்பு ஏழில் ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். முட்டையே பிடுங்கி எறியும் தீவிரப் புயல் நேராக நம் மேல் வருகிறது என்றால் இந்தக் கணக்கு மாறும். புரெவி அந்த வகை இல்லை என்பது 2-ஆம் தேதியே தெரிந்திருந்தது.

ஆகவே டிசம்பர் 2-ஆம் தேதி முட்டுக் கொடுத்தது சரி. குலைக்கு மட்டும் 3-ஆம் தேதி அறிக்கைகளைப் பார்த்திருக்கலாம். ‘கடைசி நேரத்தில் வியாபாரி வரமாட்டாரே’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்கு வழி, முதலில் நன்றாக விளைந்த குலைகளை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு வியாபாரியிடம் முன்கூட்டியே பேசி வைப்பது. 60 குலை வெட்ட அரை நாள் போதும்.

‘எங்கள் ஊருக்குக் காற்று புதிதா?’

ஆரல்வாய்மொழிக்காரர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடிக் கேட்டிருக்கிறேன். கணவாய் ஊர், முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும் ஊர், உண்மைதான். ஆனால் உங்கள் மண்ணும் மரமும் பழகியது தென்மேற்குப் பருவத்தின் மேற்குக் காற்றுக்கு. மார்கழியை ஒட்டி வரும் புயலின் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரலாம். நம் பகுதியில் புயல் நமக்குத் தெற்கே போனால் கிழக்குப் பக்கக் காற்று அடிக்கும். வடக்கே போனால் மேற்குப் பக்கக் காற்று. மேற்கே பார்த்து வேர் பிடித்த மரத்தை மழையில் ஊறிய மண்ணில் கிழக்கிலிருந்து தள்ளினால், ஆடியில் அசையாத மரமும் சாயும்.

வாழைக்கு முட்டுக் கொடுக்கும்போதும் இதை மனதில் வையுங்கள். குலை சாய்ந்த பக்கம் மட்டும் ஒற்றைக் கம்பு நட்டால் ஆடிக்குப் போதும், புயலுக்குப் போதாது. இரண்டு கம்பைக் கத்தரி போலக் குறுக்கே வைத்து, குலைக் காம்புக்குக் கீழே தண்டைத் தாங்கவிட்டு, அடியை ஒன்றரை அடி ஆழம் புதையுங்கள். கட்டும் இடத்தில் வாழைச்சருகை நாலு மடிப்பாக மடித்துத் தண்டின் மேல் வைத்து, அதன் மேல் கயிற்றைச் சுற்றுங்கள். இல்லையென்றால் காற்றில் ஆடும்போது கயிறே தண்டை அறுத்துவிடும். பிறகு நாலு மூடுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று இணையுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றை மற்றது பிடித்துக்கொள்ளும். காய்ந்த, தாழ்ந்த இலைகளைக் கழித்துவிட்டால் காற்றுக்குப் பிடி குறையும்.

முப்பந்தலிலும் ஒரு பாடம் இருக்கிறது. காற்றை நம்பியே பிழைக்கும் அந்த இயந்திரங்கள், காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தொடும்போது, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில், இறக்கையைத் திருப்பித் தாமாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டவை. நின்ற நேரத்துக்கு மின்சாரம் நட்டம்தான். இறக்கை முறிந்தால் வரும் நட்டத்தோடு பார்த்தால் அது சிறிது. நீங்கள் கம்புக்குக் கொடுத்த 12,000 ரூபாயும் அப்படித்தான்.

அறிக்கையை எப்படிக் கேட்பது?

புயலின் பெயரில் ஒன்றுமில்லை. நான்கு விவரங்களைக் கேளுங்கள். கரை கடக்கும் இடம் எங்கே, அப்போது காற்றின் வேகம் என்ன, எந்த நேரம், நம் மாவட்டத்துக்கு மழையின் நிறம் என்ன. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், 89-க்கு மேல் தீவிரப் புயல். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கிச் செய் என்று பொருள்.

ஒரே அறிக்கையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். காலை அறிக்கையையும் மாலை அறிக்கையையும் ஒரு தாளில் அருகருகே எழுதுங்கள். இடம் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா? வேகம் கூடுகிறதா, குறைகிறதா? புரெவியில் 2-ஆம் தேதி மாலைக்கும் 3-ஆம் தேதி இரவுக்கும் நடுவே இரண்டும் மாறின. அதைக் குறித்து வைத்திருந்தால் உங்கள் 60 குலை மரத்திலேயே விளைந்திருக்கும். கைப்பேசியில் டிஎன் அலர்ட் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். யாரோ அனுப்பும் குரல் பதிவை நம்பி ஒரு குலைகூட வெட்டாதீர்கள்.

எந்த நாளில் எந்த வேலை?

மூன்று நாள் முன்பு: கம்பு, கயிறு எண்ணிப் பாருங்கள். வேலைக்கு ஆள் சொல்லி வையுங்கள். நெல்லுக்கு யூரியா போடுவதாக இருந்தால் நிறுத்துங்கள், மழையில் கரைந்து ஓடும். காப்பீட்டு ரசீது, அடங்கல் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

இரண்டு நாள் முன்பு: முட்டுக் கொடுக்கத் தொடங்குங்கள். வடிகாலையும் மடையையும் திறந்து வையுங்கள். தென்னையில் முற்றிய காயையும் கனத்த அடிமட்டையையும் இறக்குங்கள். தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புகிறவர்கள் பறிக்கக்கூடியதைப் பறித்துவிடலாம். சூளைக்காரர்கள் பச்சைக்கல்லைத் தார்ப்பாயால் மூடி, நாலு ஓரமும் கல் வைக்க வேண்டும்.

ஒரு நாள் முன்பு: குலை வெட்டுவதா வேண்டாமா என்பதை மாலை அறிக்கையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மாடித் தொட்டியை நிரப்புங்கள். காலித் தொட்டியைக் காற்று தூக்கும், நிறைந்த தொட்டி அசையாது.

அன்று: மாட்டை மரத்தடியிலிருந்து அவிழ்த்துப் பாதுகாப்பான கொட்டிலுக்கு மாற்றுங்கள். குளத்து மறுகாலைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். அறுந்த கம்பியைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

பிறகு: வயல் மூழ்கியிருந்தால் படம் எடுத்து, காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள்.

மகனுக்கு ஒரு வார்த்தை

தம்பி, அன்று ஓலை அசையாததை நீயும் பார்த்தாய். 2017-இல் அப்பா தோட்டத்து வாழை மொத்தமும் தரையில் கிடந்ததையும் பார்த்திருப்பாய். ஒக்கிக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. புரெவிக்கு இரண்டு மூன்று நாள் கிடைத்தது. அந்த நாட்களை அப்பா வேலை செய்யப் பயன்படுத்தினார். அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை.

உங்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசிக்கு முன் ஒரு நோட்டு வாங்கி, புரெவிக்கு எந்த நாளில் என்ன செய்தீர்கள், எவ்வளவு ஆனது, எது திரும்பக் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அந்தக் கம்புகளை எடுத்துப் பார்த்து, உளுத்ததை மட்டும் மாற்றுங்கள். மிச்சமிருந்தால் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பத்துக் கம்பு கொடுங்கள். அவர் வாழை சாய்ந்தாலும் உங்கள் வேலி மேல்தான் விழும்.